ஆலோசனை அறைக்கு வந்த முதல் ஆள்

அந்தப் பெண் இன்றைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டு மணி அடித்ததும் ஆலோசனை அறைக்குள் நுழைவாள், ஓரத்து நாற்காலியில் டிபன் பாக்ஸைத் திறப்பாள், சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். எட்டாம் வகுப்பு, இரட்டைப் பின்னல். வாயிலிருந்து முத்து உதிராது.

எல்லோரும் 'மிஸ்' என்று கூப்பிடும் மாணவர் நல ஆசிரியைக்கு உள்ளுக்குள் பரபரவென்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த அறையைத் தேடி வந்த முதல் ஆள் இவள்தான்.

"பிள்ளைங்க யாருமே வரலைன்னா அந்த ரூம் எதுக்கு? மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். கணக்கு சார் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸுக்குக் கேட்டுட்டே இருக்கார்" என்று தலைமையாசிரியை போன வாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், மைக்கை அணைக்க மறந்து, மிஸ்ஸிடம் சொல்லியிருந்தார். அறை போனால் மிஸ்ஸின் வேலையும் போகும்.

பயிற்சியில் சொன்னதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். துருவிக் கேட்கக் கூடாது. பிள்ளையின் வாயில் நாமாக வார்த்தையைப் போடக் கூடாது. கதவு திறந்தே இருக்க வேண்டும்.

"ஏதாவது சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லும்மா. அவசரமே இல்ல."

அந்தப் பெண் யோசித்தாள். "சரி மிஸ்" என்றாள். சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.

எவ்வளவு ஆழமான மௌனம்!

திறந்த கதவு வழியாக வராந்தாவில் போகிற தலையெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தது. பாவம், குழந்தை கூச்சப்படுமே என்று கதவைச் சாத்தப் போனாள். விதி நினைவுக்கு வந்து பாதியில் நின்றாள். கூட்டத்தைக் கலைக்க விளையாட்டு ஆசிரியரைக் கூப்பிட்டாள். மெதுவாகச் செய்வது என்ற ஒன்றே அவருக்குத் தெரியாது. விசிலை ஊதினார்.

"எல்லாரும் கலைஞ்சு போங்க! உள்ள ஒரு பொண்ணு பெரிய கஷ்டத்துல இருக்கு!"

இடைவேளை முடிவதற்குள் ஆசிரியர்கள் அறை வரை சேதி போய்விட்டது.

"வீட்டுல சாப்பாடே போடறதில்லையாமே?"

"தினமும் டிபன் பாக்ஸ் கொண்டு வருதே?"

"அதைத்தான் சொல்றேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கறதில்ல. என்ன பசியோ!"

மிஸ் தலைமையாசிரியையிடம் ஓடினாள். "மேடம், அவ இன்னும் எதுவுமே சொல்லல. யாரையும் கூப்பிட்டுறாதீங்க."

"அம்மா அப்பா வந்துட்டாங்களேம்மா!"

பெண்ணை உட்கார வைத்திருந்த ஆலோசனை அறைக்குள் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே நுழைந்தாள், பின்னாலேயே அப்பாவும் தலைமையாசிரியையும். "மார்க்கு மார்க்குன்னு நீங்க கத்தினதுல புள்ள வாயடைச்சுப் போயிருக்கு."

"நானா? நீ உன் தங்கச்சிகூட போன்ல உக்காந்தா, அவ யார்கிட்டப் பேசுவா?"

"என் தங்கச்சியை எதுக்கு இழுக்கறீங்க?"

"நான் எங்க இழுத்தேன்? அவதான் தானா வந்து நிக்கறாளே!"

மிஸ் சமாதானம் செய்யப் போய், "குழந்தைங்க எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வெச்சுப்பாங்க" என்றாள். அவ்வளவுதான். அம்மா ஓவென்று அழுதாள். அதைப் பார்த்து அப்பாவும் உடைந்துபோய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் கண்ணு. கணக்குல முட்டை வாங்கினாலும் பரவாயில்ல."

இரட்டைப் பின்னல் முதல்முறையாக நிமிர்ந்தது. "நிஜமாவாப்பா?"

பேசிவிட்டாள்! மிஸ்ஸின் கண் நிறைந்தது. தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த அறை எங்கேயும் போகாதும்மா. கணக்கு சாருக்கு நான் சொல்லிக்கறேன்" என்றவர், பெற்றோரையும் பெண்ணையும் தேநீர் குடிக்கத் தம் அறைக்கு அழைத்துப் போனார்.

மிஸ் நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு பிள்ளையின் மனக்கதவு திறந்துவிட்டது. இந்த வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்?

வாசலில் நிழலாடியது. எட்டாம் வகுப்புத் தலைவி, மூச்சு வாங்க நின்றாள்.

"உள்ள வாம்மா. உனக்கும் ஏதாவது சொல்லணுமா?"

அவள் வராந்தாவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்ல மிஸ், ரூம் கணக்கு சாரோட ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிடக் கூடாதுன்னு வகுப்புல சீட்டுக் குலுக்கிப் போட்டோம், முதல்ல அவ பேர் வந்துச்சு. நாளையிலேருந்து என் முறை, எனக்கு அழக்கூட வரும்."