டேவிட்டை ஃபெயில் ஆக்க முடியாத சென்டம்

தப்பு செய்வதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அந்தத் தப்பை மட்டும் செய்ய வராமல் திண்டாடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஆபீசில் அவருக்கு சென்டம் என்று பெயர். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மல்லேஸ்வரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. அமெரிக்க ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் சமூக அறிவியல், கணக்கு என்று பாடங்கள் தயாரிப்பது தொழில். வகுப்பு கிடையாது, மணி அடிப்பது கிடையாது. பையன் வீட்டில் உட்கார்ந்து தன் வேகத்தில் படிக்கலாம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு குட்டிப் பரீட்சை. பாஸானால் அடுத்த பாடம் திறக்கும். ஃபெயிலானால் அதே பாடத்தை மறுபடி படிக்கச் சொல்லும். மூன்று தடவை ஃபெயிலானால் பாடம் பூட்டிக்கொண்டு, எங்கோ இருக்கும் டீச்சருக்குச் செய்தி போகும். அவர் பையனிடம் பேசிவிட்டுத் திறந்துவிடுவார்.

சமூக அறிவியலுக்குக் கேள்வி எழுதுவது நான். மாணவனைப் போல் நடித்து, எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது சென்டம். அதற்காக டேவிட் என்று ஒரு கற்பனைப் பையனை உண்டாக்கி, அவன் பெயரில் லாகின் கொடுத்திருந்தோம்.

நேரக் கட்டுப்பாடே இல்லாத பரீட்சைக்குச் சென்டம் அரை மணி முன்னதாக வருவார். கம்ப்யூட்டர் பக்கத்தில் இரண்டு பேனா, ஒரு ஸ்கேல். வெள்ளைத்தாளில் பிள்ளையார் சுழி போட்டு, மௌசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் முதல் கேள்வி. நடுவில் திடீரென்று, "கடைசி பத்து நிமிஷம்" என்பார்.

"யாருக்கு சார்?"

"டேவிட்டுக்குத்தான்."

டேவிட் எப்போதும் நூற்றுக்கு நூறு. வந்த வினை அதுதான். ஃபெயிலானால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமே? கணக்குப் பாடத்தைச் சோதித்த பையனுக்கு இந்தக் கஷ்டமே இல்லை. அவன் எந்த முயற்சியும் எடுக்காமல் ஃபெயில் ஆனான். சென்டத்துக்குக் கை வரவில்லை. ஒருநாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிளிக் செய்தார். விரலிடுக்கில் பார்த்தார் என்பது என் சந்தேகம். தொண்ணூறு வந்தது. "ஒண்ணு போச்சே" என்று அன்று முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் டீம் லீட் கீதா மேடத்துக்குப் பொறுமை தீர்ந்தது.

"டேவிட்னு ஒருத்தன் இல்லவே இல்ல சார்."

"இல்லாதவனாவே இருக்கட்டும் மேடம். பாஸ் ஆயிட்டுப் போறான்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அவன் ஃபெயில் ஆனா, உங்க வேலை கன்ஃபர்ம். அவன் பாஸ் ஆனா, நீங்க ஊருக்குக் கிளம்பலாம். அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சென்டம் குடியாத்தத்தில் டுட்டோரியல் காலேஜ் வேலையை விட்டுவிட்டு, மனைவியோடு இங்கே ஜோகுபாளையத்தில் குடியேறி சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அன்று டீ குடிக்கப் போனபோது அவரிடமே கேட்டேன்.

"நாலு தப்பான பதில்ல கிளிக் பண்றதுல என்ன சார் கஷ்டம்?"

"பத்து வருசமா எஸ்எஸ்எல்சி ஃபெயில் ஆன பசங்களுக்குத்தாம்பா பாடம் எடுத்தேன். அந்த மூஞ்சிங்கள நீ பாத்ததில்ல. ஒருத்தன கூட நானே புடிச்சித் தள்ளுனதில்ல."

பிஸ்கட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளையார் சுழி போடவில்லை. ஒவ்வொரு தப்பான பதிலுக்கும், "மன்னிச்சுக்கடா" என்று முணுமுணுத்தபடி கிளிக் செய்தார். மூன்றாவது தடவையும் டேவிட் கவிழ்ந்ததும், 'நீ தேர்ச்சி பெறவில்லை. பாடம் மூடப்பட்டது' என்று ஆங்கிலத்தில் சிவப்பாக ஒரு பக்கம் வந்தது. நாங்கள் கை தட்டினோம். அவர் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டுத் திரும்பியபோதும் அதே சிவப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஆயித்தா சார்?" என்று, முடிந்ததா என்பதைக் கன்னடத்தில் கேட்டார் கீதா மேடம்.

"பூட்டிக்கிச்சு மேடம்."

"அப்புறம் என்ன, சாப்பிடப் போங்க."

"டீச்சருக்குச் செய்தி போகல. டீச்சர் லாகின்லயும் போய்ப் பாத்துட்டேன். புள்ள ஃபெயில் ஆயி உக்காந்திருக்கான், யாருக்குமே தெரியல."

மேடம் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். டீச்சரின் பக்கம் காலியாக இருந்தது. எல்லாப் பாடத்துக்கும் இதே ஏற்பாடுதான். பூட்டிக்கொண்டதைப் பார்த்ததும் மற்றவர்கள் சரி என்று குறித்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். பூட்டிய பிறகும் அந்தப் பையனோடு உட்கார்ந்திருக்க எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் அமெரிக்காவுக்குப் போக வேண்டிய எல்லாப் பாடங்களும் தள்ளிப்போயின. சென்டத்தின் வேலை அன்று சாயங்காலமே நிரந்தரமானது. அதைச் சொன்னபோது, "சரிங்க மேடம். அந்தச் சிவப்ப மட்டும் மாத்திருங்க" என்றார்.

"என்ன போடலாம்?"

"'இருப்பா, உங்க டீச்சருக்குச் சொல்லியிருக்கோம், வருவாங்க.' இது போதும்."

அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்று இரவே பழுது சரியானதும் டேவிட்டை அவரே மறுபடி ஃபெயில் ஆக்கினார். டீச்சர் பக்கத்தில் செய்தி வந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, பூட்டைத் திறந்து, நூற்றுக்கு நூறு வாங்கவைத்த பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

அதன் பிறகு எத்தனையோ ஆபீஸ்களில் எத்தனையோ கெட்டிக்காரர்களோடு வேலை பார்த்துவிட்டேன். நான் தோற்றுப்போய் உட்கார்ந்த நாட்களில் மட்டும், பக்கத்து நாற்காலியில் சென்டம் இருந்தால் தேவலை என்று இருக்கும்.