காளியாயிக்குக் காது பார்க்கப் போன கங்காணி

கங்காணி ஆண்டியப்பன் ஒரு முடிவுக்கு வந்தார். தன் மனைவி காளியாயி செவிடாகிவிட்டாள். இந்த முடிவுக்கு வர அவருக்கு மூன்று நாள் பிடித்தது. வந்த பிறகு மனசில் இறங்கிய நிம்மதி இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

பின்னே? ஒரு வருஷமாக வீட்டில் ஒரே தகராறு. "தேங்கா வாங்கிட்டு வரச் சொன்னேனே" என்பாள். "எப்ப சொன்ன?" என்பார். "காலையில வாசல்ல நின்னு சொன்னேன்" என்பாள். "வாய்க்குள்ளயே முனகினா எவனுக்குக் கேக்கும்?" என்பார். இப்போதல்லவா விஷயம் விளங்கியது! காது கேளாதவளுக்குத் தன் குரல் எத்தனை சின்னது என்று எப்படித் தெரியும்? பாவம், அவள்மேல் குற்றமில்லை.

இவ்வளவு நியாயம் பேசுகிற மனுசன் பெரட்டுக்களத்தில் செய்த காரியத்தை முதலில் கேளுங்கள்.

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்துக்கும் மேலே இருக்கிறது அந்தத் தோட்டம். காலையில் எல்லோரும் கூடுகிற பெரட்டில் கங்காணி பேர் வாசிப்பார். "வந்திருக்கேன்" என்று சத்தம் வந்தால் குறிப்பார். குறித்த பேருக்குத்தான் அன்றைக்குச் சம்பளம். ஆண்டியப்பன் கங்காணி ஆவதற்கு முன்னால் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ரோலர் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருபது வருஷம் நின்றவர். வெயில் அடிக்கிற நாளில் அவர் பேர் போடுவதில் ஒரு பிழை காண முடியாது. பெண்களின் வாய் அசைவதைப் பார்த்தே குறித்துவிடுவார். காதால் கேட்டுத்தான் குறிக்கிறோம் என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார். பனி மூடிய காலையில்தான் வில்லங்கம்.

அப்படி ஒரு பனிக்காலையில் வினோதாவின் பேரை வாசித்தார். நாலடி தள்ளி நின்று அவள் இரண்டு தரம் சத்தம் கொடுத்தாள். ஆண்டியப்பனுக்கு விழவில்லை. வரவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த பேருக்குப் போனார். கொழுந்து நிறுக்கிற நேரத்தில்தான் தன் பேரே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"கங்காணி மாமா, ஒங்க முன்னாலதானே நின்னேன்!"

"பிந்தி வந்துட்டுப் பொய் சொல்லாத புள்ள."

கைக்குழந்தையைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஓட்டமாய் ஓடி வந்தவள் அவள். எல்லோர் முன்னாலும் பொய்க்காரி என்ற பேரோடு அழுதுகொண்டே போனாள். தொழிற்சங்கக் கமிட்டித் தலைவர் முத்துலிங்கம் வந்து குரலை உயர்த்தாமல் சொன்னார். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா தொரைகிட்ட போவோம் கங்காணி." தோட்ட மேனேஜரான தொரையிடம் போனால் பேர்ப்புத்தகம் கையை விட்டுப் போய்விடும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். செவிட்டுக் கங்காணி என்று மலை முழுக்கப் பேர் விழுமே, அதைத்தான் ஆண்டியப்பனால் பொறுக்க முடியாது.

அன்று சாயங்காலம் காளியாயி மெதுவாகத் தொடங்கினாள்.

"ஒருக்கா ஒங்க காதைக் காட்டிட்டு வந்தா என்னாங்க?"

"எங் காதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, சும்மா..."

"ஒண்ணுமில்லாத காதை எதுக்குடி காட்டணும்?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். முப்பது வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள். மறுநாள் காலையிலிருந்து அவளுக்குக் காது கேட்காமல் போனது.

"ஏ புள்ள, தண்ணி கொதிச்சிருச்சா?"

"என்னாங்க?"

"தண்ணி! கொதிச்சிருச்சா?"

"என்னா?"

"தண்ணீ!"

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் தகரக்கூரை அதிர்ந்தது. அடுத்த காம்பராவிலிருந்து முத்துலிங்கம் கத்தினார். "அது எப்பவோ கொதிச்சிருச்சு கங்காணி! தேயிலையப் போடுங்க!"

மூன்று நாள் இதே கூத்து. நாலாம் நாள் ஆண்டியப்பன் லயம் லயமாகப் போய்ச் சேதி சொன்னார். "எங்க வீட்டுல காளிக்குக் கொஞ்சம் மந்தம். யாரும் கேலி பண்ணாதீங்க. மூஞ்சியப் பாத்து நிதானமாப் பேசுங்க." கொழுந்தெடுக்கிற பெண்கள் அத்தனை பேரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். வினோதா மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமினாள். நெஞ்சுச்சளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் நிம்மதி. பிறகு பெருமை. அதற்குப் பிறகுதான் மெல்லப் பயம் வந்தது. இவளுக்குச் சுத்தமாகக் கேட்காமல் போனால்? பிள்ளைகள் கொழும்பில். வீட்டில் இரண்டே பேர். ஆண்டியப்பன் தானே எழுந்து தேத்தண்ணி ஊற்றி அவள் கையில் கொடுக்கத் தொடங்கினார். அவளும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடித்தாள்.

ஒரு சாயங்காலம் காளியாயி அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். முதுகு அவர் பக்கம். கேட்காத முதுகிடம் எதையும் சொல்லலாம் என்ற தைரியத்தில் ஆண்டியப்பன் வாய் திறந்தார்.

"வினோதா வந்துதான் இருந்தா காளி. பனி கொஞ்சம் வெலகினப்போ நான் அவளைப் பாத்தேன். பாத்துட்டும் பேரைப் போடல. போட்டா எனக்குக் கேக்கலன்னு ஆயிருமேன்னு பயந்துட்டேன். அந்தப் புள்ளையப் பொய்க்காரி ஆக்கிட்டேன். காலையில பனி இறங்கினாலே எனக்குப் பேர்ப்புத்தகத்தத் தொறக்கவே பயமா இருக்கு. இதை யாருகிட்டயும் சொல்ல முடியல. ஒனக்கும் கேக்காமப் போச்சு. இனி நான் யாருகிட்ட பேசுவேன்?"

கரண்டி ஒரு கணம் நின்றது. காளியாயி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். விறகு ஈரம், புகைச்சல் என்று ஆண்டியப்பன் நினைத்தார். ரொட்டி ஒரு பக்கம் கருகிப் போயிருந்தது. அதையே தின்றார்.

மறுநாள் அவரே சொன்னார், அதாவது கத்தினார். "கெளம்பு புள்ள! ஹட்டனுக்கு! ஒன் காதைக் காட்டணும்!"

"பயமா இருக்குங்க. கண்ணாடி ரூமுக்குள்ள தனியா உக்கார வப்பாங்களாம்."

"நான் எதுக்கு இருக்கேன்? மொதல்ல நான் உக்காந்து காட்டுறேன். பாத்துக்கிட்டு நீ உக்காரு."

இப்படி ஓர் ஆம்பிளை உலகத்தில் உண்டா என்று அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஹட்டனில் காது பார்க்கிற இடத்தில் இருந்தவர் மதுரா. யாழ்ப்பாணத்துப் பெண். கண்ணாடி அறையில் ஆண்டியப்பனை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். "எவ்வளவு சின்னச் சத்தம் கேட்டாலும் அமத்துங்கோ ஐயா."

ஆண்டியப்பன் அமத்தினார். மறுபடி அமத்தினார். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் மனைவியைப் பார்த்து, இவ்வளவுதான் என்று கண்ணைக் காட்டினார். பிறகு சத்தம் நின்றுவிட்டது. காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. வெகு நேரம் பொறுத்துவிட்டுக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"கரண்டு போயிருச்சாம்மா?"

"இல்லை ஐயா. மிஷின் இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது."

ஆண்டியப்பன் கதவைப் பிடித்தபடி நின்றார். இருபது வருஷம் காதுக்குள் உருண்ட ரோலர் மெஷின் அப்போதுதான் நின்ற மாதிரி இருந்தது.

மதுரா ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு கோடு நேராக வந்து, திடீரென்று பள்ளத்தில் இறங்கியது. "தடிச்ச சத்தம் உங்களுக்கு நல்லாக் கேக்குது. ஆம்பிளையளின்ர குரல், லொறிச் சத்தம், அதெல்லாம் பிரச்சினை இல்லை. மெல்லிய கீச்சுச் சத்தத்திலதான் கோடு கீழ விழுது. பொம்பிளையள் கதைக்கினம் எண்டு தெரியும். என்ன கதைக்கினம் எண்டு விளங்காது. மிஷினோட வேலை செய்த ஆக்களுக்கு வாறதுதான். வெக்கப்பட ஒண்டுமில்லை."

"அது கெடக்கட்டும்மா. நான் சும்மா காட்டத்தான் உக்காந்தேன். இவளைப் பாருங்க."

காளியாயி உள்ளே போனாள். பட்டனை அமத்தினாள், அமத்தினாள், அமத்திக்கொண்டே இருந்தாள். வெளியே வந்தபோது அவள் தாளில் கோடு கடைசிவரை மேலேயே நின்றது.

"அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை" என்றார் மதுரா.

ஆண்டியப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"அப்ப, அன்னைக்கு அடுப்படியில நான் பேசினது..."

"கேட்டுச்சுங்க."

"எல்லாமா?"

"எல்லாம்."

கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரத்தை அவள் பாதி வாங்கிக்கொண்டாள் என்று மட்டும் தெரிந்தது. ஆண்டியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி. என்ன மெஷினு இருக்குன்னு காட்டுங்கம்மா."

ஒப்புக்கொண்ட கையோடு பேரமும் தொடங்கிவிட்டது.

"பஸ் ஸ்டாண்டுல கொறஞ்ச வெலைக்கு விக்கிறாங்களே, அது ஆவாதா?"

"அது எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாக் கூட்டிவிடும். உங்கட கூரையில மழை பெய்தா என்ன பாடுபடுவீங்கள் எண்டு யோசியுங்கோ. இது உங்கட கோடு விழுந்த இடத்தை மட்டும் தூக்கிக் குடுக்கும்."

"அப்ப அந்தக் குட்டியூண்டு. காதுக்குள்ள போயிட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

மதுரா அதன் பாட்டரியை அவர் உள்ளங்கையில் வைத்தார். மிளகு அளவு. ஆண்டியப்பனின் தடித்த விரல்கள் அதை எடுக்கப் போய் மூன்று தரம் கீழே போட்டன. மூன்றாம் தரம் காளியாயி மேசைக்கு அடியில் குனிந்து தேடி எடுத்தாள்.

"காதுக்குப் பின்னால வக்கிறதே குடுங்கம்மா" என்றாள். "பனி, மழைன்னு திரியிற மனுசன். ஈரம் பட்டா?"

"இரவில காய வைக்க ஒரு டப்பா இருக்கு. அதுக்குள்ள வையுங்கோ."

"அப்ப ஒண்ணு போதும்" என்றார் ஆண்டியப்பன், விட்டுக்கொடுக்காமல்.

"அந்த மெஷினுக்குப் பக்கத்துல ஒத்தக் காதையா வச்சுக்கிட்டு நின்னீங்க?" என்றாள் காளியாயி.

இரண்டு வாங்கினார்கள். மாட்டியதும் ஆண்டியப்பன் திடுக்கிட்டார். தாள் சரசரத்தது. அவருடைய செருப்பே கீச்சென்றது. தன் குரல் டின்னுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

"முதல்ல அப்பிடித்தான் இருக்கும். ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் போட்டுப் பழகுங்கோ. மண்டை பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். பிறகு வாங்கோ, கூட்டிக் குறைச்சுத் தாறன்."

"போவோமாங்க?" என்றாள் காளியாயி.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங் கொரலு இப்படியா புள்ள?"

"முப்பது வருசமா இதே கொரலுதான்."

பஸ்ஸில் ஏறும்வரை அவளை எதையாவது பேசச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மூன்று வாரம் அடுப்படியிலும் வாசலிலும் போட்டுப் பழகினார். பெரட்டுக்குப் போகும்போது மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போவார். தோதாக மூன்று கிழமையும் நல்ல வெயில். பிறகு ஒரு காலையில் பனி இறங்கியது. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. ஆண்டியப்பன் இரண்டையும் காதில் மாட்டினார். தொப்பியால் மறைக்கப் போனவர், யோசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். வேலை போனாலும் சரி.

பேர் வாசித்தார். பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. வினோதா தன் பேருக்கு மெதுவாகத்தான் சத்தம் கொடுத்தாள். கேட்டது. குறித்தார். கடைசிப் பேரையும் குறித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. ஒரு விசயம் சொல்லணும். அன்னைக்கு வினோதா வந்திருந்தா. பொய் சொன்னது நான்தான். ஆபிஸ்ல சொல்லி அவ பேரைப் போட்டுட்டேன். புள்ள, என்னை மன்னிச்சிரும்மா. இன்னொண்ணு..." காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினார். "இதை யாருக்கும் தெரியாம இவ்வளவு நாளா மறைச்சிட்டேன். எனக்குக் காது சரியாக் கேக்காது."

ஆண்டியப்பன் தலை குனிந்தார். வேலையோ, பேரோ, போவது போகட்டும்.

பின்வரிசையில் கொழுந்துக் கூடையோடு நின்ற மனைவியின் குரல் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. ஒரு எழுத்து விடாமல் அவருக்குக் கேட்டது.

"லயத்துக்குத் தெரியும், ஆபிசுக்குத் தெரியும், தொரைக்கும் தெரியுங்க. ஒங்களுக்குத்தான் கடைசியாச் சொன்னோம்."