இரண்டாவது பிரேக்

"அப்பா, நான் ஒருத்தங்கள..." என்று ஓட்டிக்கொண்டே மகன் தொடங்கியதுமே கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனாலேயே திட்டித் தீர்த்தார்.

பிரேக்கை மிதித்தவர் பக்கத்தில் இருந்த அப்பா. டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். கற்றுக்கொள்பவர்கள் தப்பு செய்தால் மிதிப்பதற்கென்று அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.

"யாரையாவது இடிச்சிட்டியா?" என்றார் பதறிப்போய்.

மகன் இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி வண்டியை எடுத்தான்.

போன தடவை இவன் வேலை மாறியதையே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அப்பா தெரிந்துகொண்டார். இன்று மறுபடி வெளியூர் கிளம்புகிறான். எதையோ சொல்லத் தவிக்கிறான், பஸ் ஸ்டாண்டு போவதற்குள் குறுக்கே பேசாமல் கேளுங்கள், இதையும் கெடுத்தால் இனி நம்மிடம் எதுவுமே சொல்லமாட்டான் என்று மனைவி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஸ்டியரிங் கையில் இருந்தால் யாரும் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பது அவர் தொழிலில் கண்டது; அதனால்தான் அவனை ஓட்டச் சொன்னார். இந்த அழகில், இன்றைக்கு வகுப்பு வேண்டும் என்று அடம்பிடித்து ஏறிய மாணவி ஒருத்தி வேறு பின்சீட்டில்.

"நீங்க ஒத்துக்குவீங்களான்னு தெரியல..."

மறுபடி பிரேக். மாணவியின் நெற்றி முன்சீட்டில் இடித்தது. "பாத்து சார்" என்றாள் பாவமாக.

கால்தானே பிரச்சினை என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சீட்டில் சம்மணம் போட்டார். மகன் பேச வாயெடுத்தான். இப்போது கை போய் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது. கார் நடைபாதையை உரசியது. கைகளைத் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டார். மிச்சம் இருந்தது வாய். மகன் மூச்சை இழுத்துத் தைரியம் சேர்த்த அந்த நேரம் பார்த்து, "இண்டிகேட்டர் போடு" என்றது அது.

மகன் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தான்.

"விடுங்கப்பா. நான் நடந்தே போயிக்கறேன்."

அவன் கதவில் கை வைத்ததும் அவர் கையை உருவி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"போயிடாதடா. நீ பேச ஆரம்பிச்சாலே எனக்குப் பயமா இருக்கு. பயந்தா எனக்கு மிதிக்கத்தான் தெரியும். சொல்லு, நான் பேசல."

பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். மகன் அவரைப் பார்த்தான், கண்ணாடியில் பின்னால் பார்த்தான். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

பின்சீட்டில் மாணவி மெல்லக் கனைத்தாள்.

"அவர் சொல்ல வந்தது என்னைப் பத்தித்தான், மாமா."