சுவரிலிருந்து இறங்கிய சாம்பியன்கள்

இனிமேல் என் வீட்டுக்காரியிடம் எந்த விஷயத்திலும் தோற்பதில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவெடுத்தேன். வாய் நிறைய நுரையோடு எடுத்த முடிவுதான். ஆனாலும் உறுதியான முடிவு.

விஷயம் ஒரு அறையைப் பற்றியது. எங்கள் வீட்டில் ஒழுங்காக வெளிச்சம் வருகிற அறை ஒன்றே ஒன்று. அது என்னுடையது. அங்கே என் டி.வி. இருக்கிறது. ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு சோபா இருக்கிறது. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய ஐந்து குத்துச்சண்டை சாம்பியன்கள் இருக்கிறார்கள். உலகத்துக்கு அவர்கள் பெயர் வேறு. எங்களுக்கு இரும்புத் தாடை, நாட்டியக்காரன், இடதுகை, கசாப்பு, பொடியன்.

எங்களுக்கு என்றால் எனக்கும் மாடி வீட்டுப் பல் டாக்டருக்கும். ஞாயிறு தவறாமல் அவர் இறங்கி வருவார். பழைய சண்டைகளைப் போட்டுப் பார்ப்போம். பார்ப்பது கொஞ்சம்தான். எந்தச் சாம்பியன் நிஜம், எவன் வெறும் பில்டப் என்று கத்துவதுதான் அதிகம். அவர் வீட்டில் அவரைக் கத்த விடுவதில்லை. அதனால் இந்த அறைமேல் என்னைவிட அவருக்குத்தான் உயிர்.

என் மனைவி திரைச்சீலை தைப்பவள். சாப்பாட்டு மேஜையில் வெட்டுவாள், கட்டிலில் மடிப்பாள், வாசல்படியில் உட்கார்ந்து ஓரம் அடிப்பாள். என் தலையணையில் குண்டூசி இல்லாத நாள் கிடையாது. அவளுக்கு இப்போது ஓர் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்திருந்தது. வார்டு வார்டாகத் திரை வேண்டும். நீள மேஜை போட்டு வெட்ட இடம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும். மறுநாள் பதில் சொல்ல வேண்டும்.

"ஏங்க, அந்த ரூமைக் குடுங்க."

"எந்த ரூமை?"

"ஆமா, நம்ம வீடு அரண்மனை பாருங்க. எந்த ரூம்னு தெரியாம முழிக்கறதுக்கு."

"அது சாம்பியன்கள் இருக்கற ரூம்."

"அவங்க சுவத்துலதானே இருக்காங்க? தரையைக் குடுங்க."

முடியாது என்று நேரடியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் எனக்கு வந்த காபியெல்லாம் ஆறிப்போய்த்தான் வந்தது. எனவே மூளையைப் பயன்படுத்தினேன். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். மயிரிழை பிசகாமல் வேலை செய்து பழகியவன். திட்டமும் அப்படித்தான் போட்டேன்.

"நான் சர்வாதிகாரி இல்ல. முறைப்படி ஒரு விவாதம் வெச்சுக்குவோம்," என்றேன்.

"என்ன விவாதம்?"

"இந்த அஞ்சு பேர்ல யாரு பில்டப்னு விவாதம். பில்டப்னு ஆனவன் சுவத்தை விட்டு இறங்கிடணும். அஞ்சு பேரும் இறங்கிட்டா ரூம் உனக்கு. ஒருத்தன் மிச்சம் இருந்தாலும் ரூம் எனக்கு."

"பில்டப்புன்னு யாரு முடிவு பண்றது?"

இந்த இடத்தில்தான் என் மூளை ஜொலித்தது.

"நான்தான். என் வாயால நானே 'பில்டப்'னு சொல்லணும். சொன்னா இறக்கலாம். சொல்லலைன்னா தொடக்கூடாது."

எந்த வக்கீலும் இதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பான். இவள் கத்துவாள், அநியாயம் என்பாள், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தேன்.

"சரி," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சரியா?"

"சரிங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? டாக்டர் அண்ணனையும் கூப்பிடுங்க. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்ல?"

மாடிப்படியிலேயே டாக்டரை மடக்கினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ரூம் போயிடுமா? ஞாயித்துக்கிழமை நான் எங்க சார் போவேன்?"

"போகாது. நீங்களும் நானும் வாயைக் கட்டணும், அவ்வளவுதான். இன்னிக்கு நம்ம வாயிலேர்ந்து பாராட்டு மட்டும்தான் வரணும். அஞ்சு பேரும் தெய்வம்."

"தெய்வம் சார். சத்தியமா தெய்வம்."

கை குலுக்கிக்கொண்டு உள்ளே போனோம். என் மனைவி ஒரு ஸ்டூலும் கையில் ஒரு பழைய துணியுமாக வந்தாள்.

"ஸ்டூல் எதுக்கு?"

"சும்மாதான். தூசி தட்டலாம்னு."

சோபாவில் உட்கார்ந்தாள். சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். இந்த அஞ்சு பேர்லயும் ரொம்பப் பெரிய ஆளு யாரு?"

நானும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தோம். பாவம், பாராட்டச் சொல்லிக் கேட்கிறாள். இதைவிட லட்டு மாதிரி ஒரு கேள்வி கிடைக்குமா?

"நாட்டியக்காரன்," என்றார் டாக்டர்.

"இரும்புத் தாடை," என்றேன் நான்.

இருவர் புன்னகையும் அப்படியே நின்றது.

"நாட்டியக்காரன்தான் சார். ரிங்குக்குள்ள அவன் கால் தரையிலேயே படாது."

"எப்படிப் படும்? ஓடிக்கிட்டே இல்ல இருந்தான்?"

"ஓடினானா? சார், அது கலை!"

"என்ன கலை? சண்டைக்குக் கூப்பிட்டா ரிங்கைச் சுத்திச் சுத்தி வர்றது கலையா? எதிராளி இவனைத் தேடிக் களைச்சுப் போய்த்தான் டாக்டர் தோத்தான்! அதை டி.வி.காரங்க ஆஹா ஓஹோன்னு தூக்கி வெச்சாங்க. சுத்தப் பில்டப்!"

கிரீச் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். ஸ்டூல்மேல் என் மனைவி. அவள் கையில் நாட்டியக்காரன்.

"ஏய்! என்ன பண்றே?"

"நீங்கதானே சொன்னீங்க? டாக்டர் அண்ணே, சொன்னாரா இல்லையா?"

டாக்டரின் கண் கலங்கியிருந்தது. "சொன்னார்மா. மனசாட்சியே இல்லாம சொன்னார்."

நான் ஆடிப்போய்விட்டேன். விவாதம் தொடங்கி அவள் பேசியதே ஒரு கேள்விதான். டாக்டரை மூலைக்கு இழுத்துப் போனேன்.

"என்ன டாக்டர், பாராட்டத்தானே சொன்னேன்?"

"நான் பாராட்டத்தானே சார் செஞ்சேன்? நீங்கதான் கழுத்தறுத்தீங்க!"

"சண்டை போடாதீங்க," என்றாள் என் மனைவி, ரொம்பப் பரிவாக. "இந்த இடதுகைக்காரரைப் பத்திச் சொல்லுங்க. சிரிப்பு எவ்வளவு அழகா இருக்கு!"

"அப்படிக் கேளும்மா!" டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பல் விஷயம் ஆயிற்றே. "இத்தனை வருஷம் குத்து வாங்கியும் முன்பல்லு ஒண்ணுகூட ஆடலை. அதுக்குப் பேரு தற்காப்பு!"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்துக்கொண்டேன். முடியவில்லை.

"தற்காப்பு இல்ல டாக்டர். நாளைக்கு ரிடையர் ஆகப்போற கிழங்களாப் பொறுக்கி எடுத்துச் சண்டை போட்டா பல்லு எப்படி ஆடும்?"

"அப்படிப்பட்டவங்களை என்னன்னு சொல்லுவாங்க?" என்று கேட்டாள் மனைவி.

சட்டென்று வாயை மூடிக்கொண்டேன். விழுவேனா?

"சொல்லாதீங்க சார்!" என்று டாக்டர் என் தோளைப் பிடித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். "என் கிளினிக்குல இவன் படத்தைத்தான் மாட்டியிருக்கேன். இவனை மாதிரி ஒரு சாம்பியன் இனிமே பொறந்துதான் வரணும்."

"பில்டப்!" என்றேன். தும்மல் மாதிரி அதுவாகவே வந்துவிட்டது.

கிரீச்.

இப்போது டாக்டர் பழி வாங்கும் மனநிலைக்கு வந்துவிட்டார். அறையையும் மறந்தார், ஞாயிற்றுக்கிழமையையும் மறந்தார்.

"அப்ப உங்க இரும்புத் தாடை மட்டும் யோக்கியமா? கசாப்பு அவரை ரெண்டாவது ரவுண்டுலயே மல்லாக்கப் படுக்கப் போடலையா?"

"அதைப் பேசாதீங்க! அன்னிக்கு இரும்புத் தாடைக்குக் காய்ச்சல்!"

"யாரு பாத்தா?"

"முகத்தைப் பாத்தாலே தெரியும்! நடுவர் வேற ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி அவசர அவசரமா எண்ணினாரு. அந்த ஒரு குருட்டுக் குத்தை வெச்சுக்கிட்டு காலம் பூரா சாம்பியன்னு சுத்தினவன்தான் உங்க கசாப்பு. வடிகட்டின பில்டப்!"

கிரீச்.

பொடியன் எப்படி இறங்கினான் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நான் அவனைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று இன்றைக்கும் சாதிப்பேன். டாக்டர் கேட்டால் இரண்டு தடவை சொன்னேன் என்பார், அதுவும் சோபாவைத் தட்டிச் சொன்னேன் என்பார்.

மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தேன். எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. சுவரில் நாலு வெள்ளைக் கட்டங்கள். நடுவில் இரும்புத் தாடை மட்டும் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தான். அவனும் போனால் எல்லாம் போயிற்று. இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். ஸ்பிரிங் குத்தியது. அதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை.

என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விளையாட்டுப் பேச்சு போய்விட்டது.

"இந்த ஆர்டர் எனக்கு வேணும்ங்க. இவ்வளவு பெரிய வேலைக்கு என்னை நம்பிக் கூப்பிட்டிருக்காங்க. கட்டில்ல குனிஞ்சு குனிஞ்சு வெட்டி இடுப்பே போச்சு."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், நெஞ்சு இளகியே விட்டது. ஆனால் காலையில் எடுத்த முடிவு குறுக்கே நின்றது. கையை எடுக்காமலே தலையை இடவலமாக ஆட்டினேன்.

அவள் பெருமூச்சு விட்டாள்.

"சரி விடுங்க. நீங்களே ஜெயிச்சதா இருக்கட்டும். நாளைக்கு முடியாதுன்னு சொல்லிடறேன்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்தை நான் கேட்டதே கிடையாது. டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பழையதெல்லாம் மன்னிக்கப்பட்டது. என் மனைவி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வாசல் வரை போனவள் நின்று, இரும்புத் தாடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணுங்க. இவரு நிஜமாவே பெரிய ஆளுதான். என் தம்பிகூட அதைத்தான் சொல்லுவான்."

என் கை வாயை விட்டு இறங்கியது.

இவள் தம்பியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். இன்ஷூரன்ஸ் விற்பவன். அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. நான் ராப்பகலாய்த் தேய்த்துக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டே, எதிர்த் தெருக் கடையில்தான் கண்ணாடி நன்றாக இருக்கும் என்று என் முதலாளியிடமே சொன்னவன். அவன் மழை வரும் என்று சொன்னால் நான் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன். தொப்பலாக நனைந்து வந்து, அது மழையே இல்லை என்பேன்.

"என்ன சொல்லுவான்?" என்றேன்.

"உலகத்துலயே ஒரே சாம்பியன் இரும்புத் தாடைதான்னு. மாமாவுக்கும் எனக்கும் ஒரே ரசனைன்னு பெருமையாச் சொல்லிக்குவான்."

"ஒரே ரசனையா?"

"சார், வேண்டாம் சார்!" என்று டாக்டர் அலறினார். "வாயை மூடுங்க சார்!"

"மத்த எல்லாத்துலயும் மாமாவுக்கு விவரம் பத்தாது, இந்த ஒரு விஷயத்துல மட்டும் என் பேச்சுக்கு வந்துட்டாருன்னு சொன்னான்."

"நான் அவன் பேச்சுக்கு வந்தேனா?" எழுந்துவிட்டேன். "அவனுக்கு என்ன தெரியும்? இரும்புத் தாடையாம்! கசாப்பு ஒரு குத்து விட்டான், தகர டப்பா மாதிரி நசுங்கிச்சே, அது இரும்பா? காய்ச்சலாம் காய்ச்சல்! எவனுக்குக் காய்ச்சல்? பயத்துல வந்த நடுக்கம் அது! அஞ்சு பேர்லயும் இவனைப் போல ஒரு பில்டப் கிடையாது!"

டாக்டர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

கிரீச் சத்தம்கூட வரவில்லை. நான் எழுந்தபோதே அவள் ஸ்டூலில் ஏறிவிட்டாள் போலிருக்கிறது.

மத்தியானம் நீள மேஜை வந்து இறங்கியது. ஒரு பக்கம் நானும் மறு பக்கம் டாக்டரும் பிடித்து உள்ளே கொண்டுவந்து போட்டோம். போட்டதும் அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரோரம் குனிந்தார். நாட்டியக்காரனை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பச்சைத் துணி மேஜை நெடுக விரிந்திருந்தது. என் மனைவி ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு விஷயம் மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஆமா, உன் தம்பி எப்பலேர்ந்து பாக்ஸிங் பாக்கறான்?"

அவள் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

"அவனா? மூக்குல ரத்தம் வந்தாலே மயங்கி விழறவன், அவன் எங்கேங்க பாக்ஸிங் பாக்கறான்? அந்த முனையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க."