நான்காம் கேள்விக்காக ஆங் மோ கியோ வரை

வாசிப்பதால் யாருக்கும் கெடுதல் வராது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். புரியாமல் வாசித்த அறுபத்தாறு வருடங்களில் என்னைத் தேடி ஒரு போலீஸ்காரர்கூட வந்ததில்லை. புரிந்துகொண்டு வாசிக்கப் பழகிய ஐந்தாவது வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள்.

சிங்கப்பூரில், சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் பெட்டி எண்ணியவன் நான். ஆங்கிலம் தெரியாதவன் அல்ல. எடை, எண்ணிக்கை, போய்ச் சேரும் ஊர் எழுதிய எந்தக் காகிதத்தையும் படித்துவிடுவேன். ஓய்வுபெற்ற பிறகுதான் சிக்கல். மகன் கைப்பேசியில் அனுப்பும் ஆங்கிலச் செய்தியில் சொற்கள் எல்லாம் தெரியும். அவன் பாராட்டுகிறானா, கடுப்பில் இருக்கிறானா என்பது மட்டும் தெரியாது. ("வாவ், சூப்பர் பா" என்று ஒருமுறை அனுப்பினான். அது திட்டு என்று என் மனைவி சரோஜா சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் நான் நன்றி அனுப்பிவிட்டேன்.)

ஆகவே சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் முதியவர்களுக்காக நடந்த ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். பதினான்கு மாணவர்கள், பதினேழு நாற்காலிகள். ஆசிரியை நிஷா என் மகனைவிட நான்கு வயது இளையவர். பக்கத்து நாற்காலியில் ஹமீது பாய். நாகூர்க் குடும்பம், துணிக்கடையை மகன்களிடம் விட்டுவிட்டு வந்தவர். வகுப்பில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடம் கேட்பார்.

முதல் மூன்று வாரம் கொசு, நீர்த்தேக்கம், மின்தூக்கிப் பராமரிப்பு என்று படித்தோம். எல்லாம் உண்மைத் தகவல். நான்காவது வாரம் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள், போகவில்லை. அந்த வாரம்தான் ஆசிரியை, இனிமேல் கற்பனைக் கதைகள் என்று அறிவித்திருக்கிறார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஐந்தாவது வாரத் தாளில் மிஸஸ் லிம் என்பவர் இருந்தார். ஆங் மோ கியோவில் தனியாக வசிக்கிறார். மூன்று நாளாகக் கதவு திறக்கவில்லை. வாசலில் செடிகள் வாடிக் கிடக்கின்றன. உள்ளே தொலைபேசி அடித்து அடித்து ஓய்கிறது. பழுப்புப் பூனை ஒன்று கத்துகிறது. அத்தோடு பத்தி முடிந்துவிட்டது. பிளாக் எண், மாடி, வீட்டு எண் எல்லாம் இருந்தன. (அவற்றை இங்கே எழுதமாட்டேன். இன்னொருவர் கிளம்பிப் போனால் நான் பொறுப்பல்ல.)

"இதுல மூட் என்ன? சொல்லுங்க பார்ப்போம்," என்றார் ஆசிரியை.

"சஸ்பென்ஸ், மிஸ்!" என்றது முன்வரிசை.

"வெரி குட். வாடின செடி எதுக்கு சிம்பல்?"

"தனிமைக்கு!"

அங்கே பூனை கத்துகிறது. இங்கே செடி எதற்குக் குறியீடு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கையைத் தூக்கினேன்.

"மிஸ், யாராச்சும் போய்ப் பாத்தாங்களா?"

"சூப்பர் கேள்வி, அங்கிள்! டெக்ஸ்ட்ல என்ன இருக்கு?"

"டெக்ஸ்ட்ல யாரும் போகல, மிஸ்."

"அதான் நாலாவது கேள்வி. அடுத்து என்ன நடக்கும்னு வீட்ல யோசிங்க. அடுத்த வாரம் பேசலாம்."

அடுத்த வாரமா! ஏற்கெனவே மூன்று நாள், இன்னும் ஏழு நாள். பத்து நாள் ஒரு பூனை தாங்கலாம். ஒரு மனுஷி தாங்குவாளா?

வெளியே வந்ததும் பாயைப் பிடித்தேன். "பாய், ஆங் மோ கியோவுல ஒரு அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல போல. தனியா இருக்காங்க. கூட வர்றீங்களா?"

"இதக் கேக்கணுமா அண்ணே? அதுக்காக வெறுங்கையோடயா போறது?" என்று பாய் கடைக்குள் நுழைந்து ஆரஞ்சு ஆறும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கினார்.

அந்த பிளாக்கின் மின்தூக்கியில் மோசடி எச்சரிக்கைச் சுவரொட்டி ஒன்று இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் கதவைத் தட்டிப் பதற்றமான செய்தி சொன்னால் நம்பாதீர்கள், போலீசைக் கூப்பிடுங்கள். பாய்க்கு வரிவரியாக விளக்கினேன். அன்று நான் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே பத்தி அதுதான்.

வாசலில் நான்கு தொட்டிகள். நான்கிலும் பூ.

"செடி செழிப்பா இருக்கே, அண்ணே," என்றார் பாய்.

"அதான் பாய் எனக்கும் சந்தேகமா இருக்கு," என்றேன். யாரோ தொட்டியை மாற்றிவிட்டார்கள் என்று ஊகித்தேன். சொல்லாததையும் ஊகிக்க வேண்டும் என்பது பாடம்.

கதவைத் தட்டியதும் என் வயதுள்ள சீன அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்தார். நடுவே இரும்புக் கம்பிக் கதவு.

"மிஸஸ் லிம்?"

"நோ லிம். ராங் ஹவுஸ் லா."

அப்போது அவர் காலுக்கிடையில் ஒரு பூனை வந்து நின்றது. பழுப்புப் பூனை! மிஸஸ் லிம்மை எங்கேயோ அனுப்பிவிட்டு இந்த அம்மாள் வீட்டையும் பூனையையும் எடுத்துக்கொண்டுவிட்டார்.

"ஹூஸ் கேட்?" என்றேன், கிடங்குக் குரலில்.

"மை கேட்! ஒய்?"

"ஸின்ஸ் வென்?"

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. குற்றவாளியின் முகம் என்று எடுத்துக்கொண்டேன். "வேர் இஸ் மிஸஸ் லிம்? அலைவ் ஆர் நாட்?"

நிலைமையைச் சமாதானப்படுத்த பாய் பழப் பையைக் கம்பிக்கு நேரே தூக்கி ஆட்டினார். "ஆன்ட்டி, ஆரஞ்ச்! ஆரஞ்ச்!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சுவரொட்டியில் சொன்னதை அந்த அம்மாள் ஒன்றுவிடாமல் செய்தார்.

வந்த இரண்டு போலீஸ்காரர்களில் ஒருவர் தமிழ்ப் பையன். "அங்கிள், யாரு அந்த மிஸஸ் லிம்? தெரிஞ்சவங்களா?"

"இல்ல தம்பி, பாத்ததே இல்ல. கிளாஸ்ல படிச்சோம்."

பாய் திரும்பினார். "கிளாஸ்லயா? ஒங்க சொந்தக்காரங்கன்னுல்ல நெனச்சேன்!"

"லிம்மா பாய் எனக்குச் சொந்தம்?"

"யாரு கண்டா! இத்தன வருசமா இந்த ஊர்லதான இருக்கீங்க!"

தாளை எடுத்துக் கொடுத்தேன். போலீஸ்காரர் ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். "அங்கிள், கீழ பத்து மார்க்குன்னு போட்டிருக்கு," என்றார் மெதுவாக.

ஆசிரியைக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். "மிஸ், மிஸஸ் லிம் இப்ப எங்க இருக்காங்க?"

"அங்கிள்... அவங்க கேரக்டர். நானே எழுதினது. நம்பர் சும்மா வாய்க்கு வந்ததப் போட்டேன்."

உண்மையான விலாசத்தில் இல்லாத ஆளை எப்படிக் குடிவைக்கலாம்? அப்படியானால் கொசுவும் பொய்யா? நீர்த்தேக்கம் இருக்கிறதா இல்லையா? யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

இதற்குள் அந்த அம்மாள் உள்கதவைத் திறந்து, கம்பி வழியாகக் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கடைசி வரி வரை படித்தார். நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டதை அவர் கவனிக்கவேயில்லை.

"தென் ஹவ்?" என்றார். "திஸ் லேடி, ஓகே ஆர் நாட்?"

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

"தெரியாது," என்றது போன். "நான் அதுக்கு மேல எழுதல." தமிழ்ப் பையன் அதை அந்த அம்மாளுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஐயோ, டீச்சர்! நோ ஹார்ட் லா!" என்று அந்த அம்மாள் அதட்டினார். தமிழ்ப் பையனும் தலையை ஆட்டினார். அன்று எனக்குக் கிடைத்த ஆதரவு அவ்வளவுதான்.

பெயர், தொலைபேசி எண் குறித்துக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் பழங்களை வாங்கவில்லை. தாளைத் திருப்பித் தரவுமில்லை.

அடுத்த வாரம் ஆசிரியை கதைக்கு ஒரு முடிவோடு வந்தார். மிஸஸ் லிம் புக்கிட் பாஞ்சாங்கில் மகள் வீட்டில் சுகமாக இருந்தாராம், பூனைக்கு எதிர்வீட்டுக்காரர் சோறு வைத்தாராம். அன்றிலிருந்து அவர் தரும் ஒவ்வொரு தாளின் அடியிலும் தடித்த எழுத்தில் ஒரு வரி: "இதில் வருபவர்கள் நலம். யாரும் போய்ப் பார்க்க வேண்டாம்." ஒவ்வொரு முறையும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பாயும்தான்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். நான் சட்டை மாட்டினாலே சரோஜா, "என்ன, மிஸஸ் லிம்முக்கு மறுபடி ஒடம்பு சரியில்லையா?" என்பாள். போன தீபாவளிக்குப் புது மருமகளின் பெற்றோர் வந்திருந்தபோதும் கேட்டாள். யார் அந்த மிஸஸ் லிம் என்று சம்பந்தி என்னையும் சரோஜாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அவரோட சிநேகிதி, சம்பந்தி," என்று சரோஜா முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆங் மோ கியோவுல இல்லாம இருக்காங்க."