ஏழாவது பாட்டில் என் அம்மா

ஹார்மன் க்ரீக், மிசிசிப்பி
சனிக்கிழமை

மதிப்பிற்குரிய தாய்மாமன் ஆர்தெல் பிக்கன்ஸ் அவர்களுக்கு, உங்கள் அக்கா மகன் டேவியன் எழுதுவது.

கூடப்பிறந்த அக்கா அவமானப்பட்டதை நீங்கள் பாட்டாக்கி விற்றிருக்கிறீர்கள். ஆல்பத்தில் ஏழாவது பாட்டு.

முறைப்படி முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும். இதோ விசாரிக்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? மெம்ஃபிஸில் வெயில் எப்படி? இங்கே எல்லோரும் சுகம். குழாய்த் தண்ணீரை மட்டும் இந்த வாரமும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டுமாம். உங்கள் ஆல்பம் வந்த கையோடு கவுண்டி நிர்வாகத்தார் நெடுஞ்சாலை ஓரமாக ‘அமெரிக்க இசையின் ஊற்று’ என்று ஆளுயரப் பலகை ஒன்றை நட்டுவிட்டார்கள். வாளியோடு போய் அதன் கீழே நின்று பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன அக்டோபரில் நீங்கள் வந்து இறங்கி, “நம்ம ஊர் பாட்டு, நம்ம ஊர் ஆளுங்க, நம்ம ஊர்லயே பதிவு பண்றோம்டா மாப்ள” என்று சொன்னபோது இந்த ஊரிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நான்தான். கோழித் தொழிற்சாலையில் இரண்டு ஷிப்டு லீவு போட்டுவிட்டு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தேன். அந்த இரண்டு நாளும் கோழிக்குக் குடல் உருவிக்கொண்டே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் நாளே சரியில்லை. ஹோசியாவின் முரசுக் குழு நடந்துகொண்டேதான் வாசிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் அந்த முரசுக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவர்தானே? மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கைத் திறந்து, தரையில் டேப் ஒட்டி, அதற்குள்ளேயே நில்லுங்கள் என்று உங்கள் ஒலிப்பதிவாளர், அந்தக் கோடி என்கிற பையன், சொன்னான். நாலாவது அடியில் ஹோசியா டேப்பைத் தாண்டினார். எட்டாவது அடியில் குழு மொத்தமும் பின்வாசலைத் தாண்டியது. வாகன நிறுத்தத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆடு வெந்துகொண்டிருந்த அடுப்பைப் பார்த்து குழு நடக்க, கட்டவிழ்த்துக்கொண்டு ஓடும் நாயைத் துரத்துகிறவனைப் போலக் கோடி மைக்கையும் ஒயரையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அதனால்தான் இரண்டாவது பாட்டு ஓங்கி ஆரம்பித்துத் தேய்ந்துகொண்டே போகிறது. கடைசியில் “உப்பு பத்தலடா, யாருடா இதுக்கு மசாலா தடவுனது” என்று ஹோசியாவின் குரல் கேட்கிறது. நியூயார்க் பத்திரிகைக்காரர் இதை ‘முன்னோர்களின் நினைவு தொலைவில் கரையும் ஓசை’ என்று எழுதியிருக்கிறார். ஹோசியாவிடம் வாசித்துக் காட்டினேன். “அந்தாளுக்கு ஒரு தட்டு கறி அனுப்புடா, பசியில எழுதிருக்கான்” என்றார்.

அட்டைப்படத்துக்கும் அதே கதைதான். ஹோசியா போன வருடம் வாங்கிய சிவப்பு வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, இடிந்து கிடந்த பக்கத்து வீட்டு முன்னால் அவரை உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். அது அவர் வீடே இல்லை. நம் வறுமையிலும் அவர்களுக்குப் பிடித்த வறுமை வேண்டியிருக்கிறது. இதற்கும் நீங்கள் வாய் திறக்கவில்லை. போகட்டும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

தேவாலயச் சபையில் இருபத்தாறு வருடமாகப் பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுப்பவள் அவள். ஒரு வரியை அவள் சொல்ல வேண்டும். சபை அதையே வாங்கி, இழுத்து, அலையைப் போல் திருப்பித் தர வேண்டும். அது வந்த பிறகுதான் அடுத்த வரி. வராவிட்டால் என்ன அர்த்தம் என்பதும் நம் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். சபை ஊழியம் பார்த்த டீக்கன் வில்பர்ன் அடுத்த வீட்டுப் பெண் விவகாரத்தில் அகப்பட்ட ஞாயிறன்று எழுந்து அடியெடுத்துக் கொடுத்தார். சபை வாய் திறக்கவில்லை. யாரும் திட்டவில்லை, விசாரிக்கவில்லை. மறுவாரம் அவர் ஊரை விட்டே போய் டெட்ராயிட்டில் இருந்தார்.

அப்படிப்பட்டவளை உடற்பயிற்சி ஆசிரியரின் அறைக்குள் தனியாக விட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக் கதவைச் சாத்தினீர்கள். குரல் சுத்தமாக வேண்டுமாம், சபையின் பதிலை அப்புறம் தனியாக எடுத்து ஒட்டிக்கொள்வானாம் கோடி. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகளோடு வந்திருந்த சபையார் பன்னிரண்டு பேரும் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று உத்தரவு.

விளக்கு எரிந்தது. “கரை தெரியல ஆண்டவரே, உம் கையை மட்டும் காட்டும்” என்று அம்மா எடுத்துக் கொடுத்தாள். பதில் இல்லை. எங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் உரக்க எடுத்தாள். பதில் இல்லை. ‘மேலே போங்கள், மேலே போங்கள்’ என்று கோடி இரண்டு கையையும் வீசினான். அவள் அதைக் குளவியை விரட்டுகிறான் என்று நினைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தாள். மூன்றாவது தடவை எடுக்கும்போது குரல் உடைந்துவிட்டது. கண்ணாடி வழியாக எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நீங்கள் உதட்டின் மேல் விரலை வைத்து நின்றீர்கள். அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். “மன்னிச்சுக்கோங்க எல்லாரும்” என்று மைக்கிடம் சொல்லிவிட்டு, கைப்பையை டக்கென்று மூடிக்கொண்டு வெளியே போனாள்.

வண்டியில் நான் விளக்கம் சொன்னேன்.

“அது பதிவு பண்ற முறைம்மா. பதிலை அப்புறமா சேப்பாங்க.”

“தெரியும்டா. காலையிலயே சொன்னானே அந்தப் பையன்.”

“தெரிஞ்சா ஏன் எந்திரிச்சு வந்த?”

“தலைக்குத் தெரியும். அங்க நின்னது எந்தம்பி, எம்புள்ள. பன்னெண்டு பேர் எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு கல்லு மாதிரி நின்னா, அது எந்த முறையா இருந்தா எனக்கென்ன?”

அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லை. அவள் பதிலுக்காகக் காத்திருந்த இடங்களில் எல்லாம் உங்கள் கிட்டாரைப் போட்டு நிரப்பியிருக்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து, மெம்ஃபிஸிலிருந்து பதில். உடைந்த குரலும் இருக்கிறது, மன்னிப்பும் இருக்கிறது, கைப்பை மூடும் சத்தத்தில்தான் பாட்டே முடிகிறது. ‘ஒரு தனித்த ஆன்மாவோடு கிட்டார் நடத்தும் உரையாடல்’ என்று பத்திரிகைகள் உருகுகின்றன. ஆல்பத்திலேயே அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்களாம். எங்கள் தொழிற்சாலை வாகன நிறுத்தத்தில் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு சாண்ட்விச் தின்றான். நான் பார்த்தேன்.

அம்மா இப்போது கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். எழுந்திருப்பதில்லை. அவளுக்குப் பதிலாகச் சகோதரர் பெர்செல் அடியெடுத்துக் கொடுக்கிறார். மாட்டுச் சந்தையில் ஏலம் விடுபவர் தோற்றார். ஒரு கீதம் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்த தேவாலயத்து மெத்தடிஸ்டுகளுக்கு முன்னால் ஓட்டலில் சாப்பாட்டு வரிசையைப் பிடிக்கலாம் என்று பாதிச் சபைக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். போதகர் மூன்று முறை வீட்டுக்கு வந்து கேட்டார். “தொண்டை சரியில்ல ஐயா” என்றாள். அடுக்களையிலும் அவள் பாடுவதில்லை.

ஆகையால் மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கிட்டாரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அம்மாவுக்குக் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்து, அவள் வாய் திறந்தால் வாய் திறந்து பதில் கொடுங்கள். உங்களால் பாட்டை விட்டவளுக்கு நீங்கள் செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

அத்தையையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். கோபம் இருந்தாலும் உங்கள் கையும் விரலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
டேவியன்

பின்குறிப்பு: ஞாயிறு மாலை. நாளைக் காலையில் தபாலில் சேர்க்க ஒட்டி வைத்த உறையைக் கிழித்துப் பிரித்துவிட்டேன். மேலே எழுதியதில் ஒன்றை விட்டிருக்கிறேன். அம்மா மூன்றாவது முறை எடுத்துக் கொடுத்தபோது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சகோதரி கிளவுடீனுக்குப் பொறுக்கவில்லை. பதில் கொடுக்க வாயைத் திறந்துவிட்டாள். அவள் வாயைப் பொத்திய கை என்னுடையது. நீங்கள் வரிசையின் அடுத்த முனையில் நின்றீர்கள், உங்களுக்குத் தெரியாது. அட்டையில் ‘உதவி: டேவியன்’ என்று போடுவதாக நீங்கள் சொல்லியிருந்தீர்கள். போட்டும் இருக்கிறீர்கள். பதிவு கெட்டுப்போனால் என் பேர் போய்விடும் என்றுதான் அந்த நேரம் பயந்தேன். அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள் என்று எழுதினேன் அல்லவா? கடைசியாகப் பார்த்தது அந்தக் கையைத்தான். ஒன்பது மாதமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று சபை முடிந்து வண்டியில் வரும்போது நானே சொல்லிவிட்டேன். “கிளவுடீன் அக்கா பதில் குடுக்கத்தான் பாத்தாங்கம்மா. நான்தான் வாயப் பொத்துனேன்.” அவள் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தாள். மறுபடியும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவள் இண்டிகேட்டரைப் போட்டுத் திருப்பினாள். வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திய பிறகும் இரண்டு பேரும் இறங்கவில்லை.

“திட்டவாவது செய்ம்மா,” என்றேன், மூன்றாவது தடவையாக. “ஏதாவது சொல்லும்மா.”