கூரையில் விளைந்த கல்யாண விருந்து

தான் வரைந்த கட்டடத்தில் தானே கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. கட்டடக்கலைக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தேன். இதை யாரும் சொல்லித்தரவில்லை.

அப்போது சேலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மொட்டைமாடியில் தோட்டம் அமைப்பதுதான் என் வேலை. பச்சையைப் பார்த்தால் மனிதர்கள் நிம்மதியாக இருப்பார்கள், கூடிப் பேசுவார்கள் என்று மேடை கிடைத்த இடமெல்லாம் முழங்கினேன். அந்த ஜோரில், கொல்லிமலையில் வாசலூர்பட்டிப் பக்கம் ஒரு சமுதாயக் கூடம் கட்டித்தரச் சொன்னபோது, அதன் தலையிலும் ஒரு தோட்டத்தை ஏற்றினேன். (சுற்றிலும் மலை முழுக்கப் பச்சை. அது கண்ணில் படவிடாமல் படிப்பு மறைத்தது.) திறப்பு நாளில், "இது உங்க தோட்டம், உங்க இஷ்டம்" என்று ஊராரிடம் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வருடம் போனபோது கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பச்சையாக இருந்தது. படியேறிப் பார்க்கச் சோம்பல்.

அந்தப் பெருமையில்தான், சேலத்தில் பேசிவைத்த ஏசி மண்டபத்தை விட்டுவிட்டு என் கல்யாணத்தை அங்கேயே வைக்க, இரண்டு குடும்பத்தோடும் மல்லுக்கட்டினேன். மாமியாருக்குக் கடைசிவரை மனசில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்தவர்களில் பாதிப் பேருக்கு முகம் வெளுத்திருந்தது.

என் கழுத்தில் தாலி ஏறும் நேரம் மழை பிடித்தது. முதலில் மாப்பிள்ளை தலையில் ஒரு சொட்டு. அடுத்து செம்மண் தண்ணீரே ஒழுக ஆரம்பித்து, மாமியாரின் பட்டுப்புடவை காபி நிறமானது. மிளகு காயவைக்கும் தார்ப்பாயை நான்கு பேர் தூக்கிப் பிடிக்க, அதன் கீழே குனிந்தபடி கழுத்தை நீட்டினேன். அவமானத்தில் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று வீடியோக்காரர் கிட்டே வந்து எடுத்தார்.

பந்தியில், கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியசாமி அண்ணன் இலைக்கு இலை அவித்த மரவள்ளிக் கிழங்கு வைத்துக்கொண்டிருந்தார்.

"மாடியில என்னண்ணா பண்ணுனீங்க?"

"குச்சிக்கிழங்கு போட்டிருந்தமுங்க. உங்க கல்யாணப் பந்திக்குன்னு நேத்துதான் புடுங்குனோம். மண்ணு கம்மிங்களா, அடியில இருந்த கறுப்புத் தாளோட புடிச்சுக்கிச்சு. கடப்பாரை போட்டுத்தான் எடுத்தமுங்க."

தண்ணீர் இறங்காமல் தடுப்பதே அந்தத் தாள்தான். கத்துவதற்காக வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"கெழங்கு நல்லா மாவா வெந்திருக்குதுங்களா?"

"வெந்திருக்குதுங்கண்ணா" என்றேன். பாழாய்ப்போன கிழங்கு, உண்மையிலேயே அருமையாக இருந்தது.

இப்போது என் ஆபீஸ் வீட்டு முன்னறையில். மாடித்தோட்டம் வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால் போதும், ஹாலிலிருந்து மாமியார் குரல் வரும்: "தாராளமா வைங்க கண்ணு. உங்க ஊட்டுல கல்யாணத்துக்கு யாராச்சும் இருக்காங்களா?" வந்தவர்கள் விழிப்பார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இனி அரை மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். எழுந்து டீ போடப் போய்விடுவேன்.